கூரைக்குக் கீழே பதினொரு கன்றுகள்

நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். முன்னும் பின்னுமாகச் சொன்னால் எனக்கே குழம்பிவிடும்.

அக்தர் பானு அக்காவும் நானும் தாராவியில் பதினேழு வருஷம் அடுத்தடுத்த கோலியில் குடியிருந்தோம். கோலி என்றால் ஒரே அறை. சமையல், படுக்கை, பீரோ எல்லாம் அதற்குள்தான். இரண்டு கோலிக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அக்கா கடையநல்லூர், நான் வள்ளியூர். மத்தியானச் சமையல் முடிந்ததும் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, தையல் கடையிலிருந்து வரும் சட்டைகளில் தொங்குகிற நூலை வெட்டுவோம். பேச்சு அதிகம் இருக்காது. என் கத்தரி அவளுக்குக் கேட்கும், அவள் கத்தரி எனக்குக் கேட்கும்.

போன வருஷம் எங்கள் வரிசையை இடித்தார்கள். ஆளுக்கொரு பக்கம் வாடகைக்குப் போனோம். நாங்கள் மான்குர்த். அவர்கள் பாண்டுப்பில் ஆறாவது மாடி. நான் செம்பூரில் ஒரு தையல் யூனிட்டில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். அக்காவும் நானும் போனில் பேசிப் பார்த்தோம். "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதோடு தீர்ந்துபோனது. கூட உட்கார்ந்து பழகியவர்களுக்குப் போனில் பேச ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜனவரி எட்டாம் தேதி காலையில், டீ குடித்துக்கொண்டிருந்த அக்கா வீட்டுக்காரர் முகம்மது ஹனீப் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். தாராவியில் பை தைக்கும் பட்டறை வைத்திருந்த மனிதர். நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். ஐம்பத்துமூன்று வயதுதான்.

அக்கா இத்தா இருந்தாள். கணவர் இறந்த பிறகு நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருப்பது. ஞாயிறுதோறும் நான் போய்ப் பார்த்து வந்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். கேட்டால் தலையை ஆட்டுவாள். நோன்புப் பெருநாள் அன்றுகூட அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அக்காவின் ஒரே மகள் பரீஹா, கால் சென்டரில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவள், என்னை லிஃப்ட் வரை வந்து விட்டபோது அழுதுவிட்டாள்.

"சித்தி, உம்மா ஏன்ட்ட பேசியே நாலு நாளாச்சு. டாக்டர்ட்ட காட்டலாம்னா, இத்தா முடியட்டும்ங்கிறாங்க. மே க்யா கரூம், நான் என்ன செய்ய?"

பெருநாள் கழிந்த வாரம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அவள் போனில் ஒரு விளையாட்டு ஆடுவாள். கடலுக்கு நடுவே ஒரு மொட்டைத் தீவு. அதில் ஒரு பொம்மை மனுஷியாக நாம் இறங்க வேண்டும். விறகு பொறுக்கி, கிணறு தோண்டி, பிழைத்துக் கிடக்க வேண்டும். மைக் பொத்தானைத் தொட்டால் பக்கத்தில் நிற்கிற பொம்மையோடு பேசலாம். உம்மா பெயரில் ஒரு தீவு எடுத்து, என்னையும் அதில் சேர்த்துவிட்டாள்.

"ஒரு ரூல் இருக்கு, நல்லா கேட்டுக்கோங்க. நாப்பது நாள் டைம். நாப்பதாம் நாள் சாயங்காலம் பெரிய புயல் மழை வரும். அதுக்குள்ள பத்து மரம் முழுசா வளர்ந்து நிக்கணும். வேர் மண்ணைப் பிடிச்சுக்கும். பத்துல ஒண்ணு குறைஞ்சாலும் தீவு கரைஞ்சு கடலுக்குள்ள போயிரும். கதம், அவ்ளோதான். மறுபடி கிடைக்காது."

"இத்தாவுல இருக்கிறவ காட்டுல சுத்தலாமாட்டி?" என்றாள் அக்கா. அன்றைக்கு அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

"நீங்க வீட்டை விட்டு ஒரு அடி வைக்கலையே உம்மா. பொம்மைதான போகுது."

இதே பதிலைத்தான் அடுத்த வாரம் துக்கம் கேட்க வந்து "மௌத்தான வீட்டுல விளையாட்டு கேக்குதோ" என்று முகத்தைச் சுளித்த மாமியிடமும் பரீஹா சொன்னாளாம்.

மார்ச் இருபத்தெட்டு, சனிக்கிழமை, முதல் நாள். எனக்கு எதையும் எழுதி வைத்தால்தான் நிம்மதி. யூனிட்டில் கொடுத்த பழைய நோட்டு ஒன்றில் தேதி போட்டுக் குறித்துவந்தேன். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு நான் மான்குர்த்திலும் அக்கா பாண்டுப்பிலுமாக உட்கார்ந்து அந்தத் தீவில் இறங்குவோம். முதல் மூன்று நாள் என் பொம்மை கடலுக்குள்ளேயே நடந்து நடந்து செத்தது. அக்காவின் பொம்மை சும்மா நின்றது. நாலாம் நாள் மைக்கில் ஒரு குரல்.

"ஏ செல்வி, ஏன் ஒரே இடத்துல சுத்துத? கெறக்கம் வந்துட்டா?"

"இந்தப் பொத்தான் திரும்ப மாட்டேங்குக்கா."

"பெருவிரலால அமுக்காத. ஆட்காட்டி விரல்."

அதற்குப் பிறகு அவள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஐந்தாம் நாள் கிணறு. எட்டாம் நாள் ஆறு விதை கிடைத்தது, ஊன்றினோம். ஒன்பதாம் நாள் ஆடு தின்றுவிட்டது. அக்கா அந்த ஆட்டைத் தீவு முழுவதும் துரத்தி ஏசின ஏச்சை இங்கே எழுத முடியாது. என் வீட்டுக்காரர் ராஜபாண்டி, ஏ.சி. ரிப்பேர் முடித்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தவர், கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"அக்தர் மயினியா பேசுதாவ?"

"ஆமா."

"நல்லா ஏசட்டும்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஓன் அப்பன் வாழைத் தோட்டத்த வித்துட்டு உக்காந்திருக்காரு. மக போன்ல தோப்பு வைக்கா. பட்டா வாங்கிருவோமா?"

"சும்மா இருங்க, ஆடு வருது."

பன்னிரண்டாம் நாள், ஏப்ரல் எட்டு. வேலி போட்டு முடித்து, உள்ளே பன்னிரண்டு கன்று நட்டோம். மூன்று மூன்றாக நாலு வரிசை. நட்ட சற்று நேரத்தில் திரையின் மேலே ஒரு படம் வந்து நின்றது. கறுத்த மேகம், அதிலிருந்து நாலு சொட்டு, பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுத்து. எழுத்து எங்களுக்குப் புரியவில்லை. மேகம் நன்றாகவே புரிந்தது.

தாராவியில் இருந்தவர்களுக்கு அந்தப் படம் போதும். மே மாதம் பாதி ஆனால் போதும், தகரக் கூரை முழுக்க நீலத் தார்ப்பாய் ஏறிவிடும். கூரைக்கு, வாசலுக்கு, தண்ணீர் டிரம்முக்கு, சைக்கிளுக்கு. மழைக்கு முன்னால் மூடாமல் விட்டது எதுவும் எங்களுக்கு உருப்பட்டதில்லை. எங்கள் இரண்டு கோலிக்கும் சேர்த்து ஒரே பெரிய தார்ப்பாய். ஹனீப் அண்ணாச்சிதான் மேலே ஏறிக் கட்டுவார். ராஜபாண்டி கீழே ஏணியைப் பிடிப்பார்.

"மழை வருது, செல்வி. மூடிருவோம்," என்றாள் அக்கா.

கரையில் ஒதுங்கிய பலகைகளைப் பொறுக்கி வந்தோம். அது அவள் தீவு, அதனால் கட்டுவதும் பிரிப்பதும் அவள் பொம்மையால்தான் முடியும். நான் எடுத்துக் கொடுக்க, அவள் கால் நட்டு, மேலே பலகை பரப்பினாள்.

"நடுவுல ஒசத்தி ரெண்டு பக்கமும் சரிச்சு விடணும். தட்டையா போட்டா தண்ணி நிக்கும். அவிய அப்படித்தான் கட்டுவாவ."

ஜனவரிக்குப் பிறகு அவள் வாயில் அண்ணாச்சி வந்தது அன்றுதான்.

"முடிச்சப் போட்டுட்டு ஒரு தட்டு தட்டுவாவ பாத்தியா, கழுதைய தட்டுத மாதிரி."

"ஆமாக்கா. இந்தப் பக்கம் எங்க கூரை மேலயும் ஒரு தட்டு விழும்."

பதினொரு கன்றுக்குப் பலகை வந்தது. பன்னிரண்டாவது, வேலி ஓரத்தில் இருந்தது, அதற்கு இல்லாமல் போயிற்று. "பாவம், நனையட்டும், பொழச்சா பொழைக்கட்டும்," என்றாள் அக்கா. அன்றைக்கு அவள் இரண்டு தோசை சாப்பிட்டதாக மறுநாள் பரீஹா எனக்குச் செய்தி அனுப்பினாள்.

அடுத்து வந்த நாட்களை நல்ல நாட்கள் என்றே சொல்வேன். தினமும் தண்ணீர் ஊற்றினோம். கூரைக்குக் கீழே இரண்டு பொம்மைகளும் பக்கத்துப் பக்கத்தில் குனிந்து களை பிடுங்கும். பத்து நிமிஷத்துக்கு ஒரு பேச்சு. "அங்ஙன ஒரு புல்லு இருக்கு." "பாத்தேன்." அண்ணாச்சி பற்றியும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். கன்றுகள் மட்டும் நட்ட உயரத்திலேயே நின்றன.

இருபத்துநாலாம் நாள், திங்கட்கிழமை, தீவில் இறங்கினால் வேலி ஓரத்தில் ஒரு மரம். ஆள் உயரத்துக்கு மேல், கிளை விரித்து, பச்சைப் பசேலென்று. அந்தப் பன்னிரண்டாவது.

நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒரே நாளில் நட்டது. ஒரே தண்ணீர். ஒரே எரு. ஒரே வேலி. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். பரீஹாவுக்குப் போன் போட்டேன்.

"அரே சித்தி!" என்று கத்தினாள். "மேல மூடிட்டீங்களா? வெயில் வேணும்ல? சீசன் மாறப் போகுதுன்னு ஒரு படம் வரும், அவ்ளோதான், அதுக்குப் போய் பந்தல் போட்டிருக்கீங்க!" சிரிப்பு அடங்கவில்லை அவளுக்கு. நானும் சிரித்துவிட்டேன்.

கணக்கு இதுதான். திறந்து கிடந்த கன்று மரமாகப் பன்னிரண்டு நாள் ஆனது. நாற்பதாம் நாள் புயல். அப்படியானால் இருபத்தெட்டாம் நாளுக்குள் கூரையைப் பிரித்தாக வேண்டும். நாலு நாள் கையில் இருக்கிறது. அக்காவிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை.

"பிரிக்க மாட்டேன்."

"அக்கா, வெயில் படாம வளராதாம்."

"வளராட்டா போகட்டும். கட்டுனத அவுக்க ஏன்ட்ட சொல்லாத. ஒனக்கு அம்புட்டு மரம் வேணும்னா வேற தீவு பாத்துக்க."

அவள் பொம்மை மறைந்துவிட்டது.

செவ்வாய், அவள் வரவில்லை. புதன், வரவில்லை. போனும் எடுக்கவில்லை. வியாழன் இரவுச் சாப்பாட்டை உம்மா தொடவில்லை, திரும்பவும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள் என்று பரீஹா எழுதியிருந்தாள். நான் தனியாக இறங்கித் தண்ணீர் ஊற்றப் பார்த்தேன். கிணற்று வாளி அவள் பொம்மையிடம் இருந்தது. இரண்டு கன்று காய்ந்து விழுந்தன. கூரையின் கீழ் இனி ஒன்பது. வெளியே நிற்கிற மரம் ஒன்று. சரியாகப் பத்து. இதில் ஒன்று தவறினாலும் தீவு இல்லை. தீவு போனால் அக்கா திரும்ப எங்கே வந்து என்னோடு உட்காருவாள் என்று எனக்குத் தெரியவில்லை.

இருபத்தெட்டாம் நாள், வெள்ளி, அரை நாள் லீவு சொல்லிவிட்டு செம்பூரில் வண்டி ஏறி, குர்லாவில் மாறி, மூன்றரை மணிக்குப் பாண்டுப் போய்ச் சேர்ந்தேன். பரீஹா கதவைத் திறந்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். அக்கா தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

"வந்துட்டா, நோட்டத் தூக்கிட்டு. டீச்சரம்மா."

"ஒரு நிமிஷம் கேளுங்கக்கா. ஏப்ரல் எட்டாம் தேதி நட்டோம். இருபதாம் தேதி..."

"எல்லாம் எழுதுன. ஆடு தின்னத எழுதுன. பலகை எத்தனைன்னு எழுதுன. அவியளப் பத்தி நான் சொன்னத எழுதுனியா?"

நோட்டைப் புரட்டினேன். எழுதியிருக்கவில்லை. மூடிக் கீழே வைத்தேன்.

"இந்த வீட்டுக்கு வந்தப்ப," என்றாள் அக்கா, "மே மாசம் மொட்டை மாடிக்குப் போயி சுத்திச் சுத்திப் பாத்தாவ. கட்ட ஒண்ணுமே இல்ல. காங்கிரீட்டு. கீழ வந்து கைய பெசஞ்சுக்கிட்டு நின்னாவ. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. சிரிச்சேன், செல்வி. அவியளப் பாத்துச் சிரிச்சேன்." நோட்டை என் பக்கம் தள்ளினாள். "அந்தத் தீவுல கூரைய கெட்டும்போது அவிய கூட இருந்த மாதிரி இருந்துச்சு. இப்ப அத நானே பிரிக்கணுமா?"

சமாதானம் சொல்லி எனக்கு வழக்கம் இல்லை. தாராவியில் எந்த மாதத்தில் என்ன நடக்கும் என்பது மட்டும்தான் வரிசையாக மனசில் ஓடியது.

"அக்கா, தசரா கழிஞ்ச மறுநாள் நம்ம கூரை மேல யாரு ஏறுவா?"

"அவியதான்."

"ஏறி?"

"ஏறி என்ன. தார்ப்பாய அவுப்பாவ. மழைதான் முடிஞ்சிருமே."

"நாம யாரும் சொல்லுவோமா, அவுத்திருங்கன்னு?"

"யாரு சொல்லணும்? அவியளுக்கு நாலஞ்சு மாசம் அந்த இருட்டு ஆகாது. எப்படா அவுப்போம்னு இருப்பாவ. பகல்லயும் டியூப் லைட் எரியணும்லா." பிறகு அண்ணாச்சியின் குரலிலேயே, மேலேயிருந்து கூப்பிடுகிற மாதிரி சொன்னாள். "'பானு, லைட்ட அணை!'ம்பாவ. தார்ப்பாய் ஒரு பக்கம் அவுந்ததும் முதல்ல அதத்தான் சொல்லுவாவ. 'செல்வி வீட்டுலயும் அணைக்கச் சொல்லு'ம்பாவ."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நன்றாக, இரண்டு தடவை. "என் போன் எங்க?" என்றாள்.

பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தே தீவில் இறங்கினோம். அவள் பலகையைப் பிரித்துப் போட்டாள், நான் ஓரமாக அடுக்கினேன். அவசரப்படவில்லை. ஒரு பலகை எடுப்பாள், கீழே கன்றைப் பார்ப்பாள், வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவாள், அடுத்த பலகை. எட்டுக் கன்றுக்கு வெயில் வந்தபோது மணி ஐந்து. ஒன்பதாவதன் மேலிருந்த பலகையில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் அவசரப்படுத்தவில்லை. ஐந்து இருபதுக்கு எடுத்தாள். எடுத்துவிட்டு அந்தப் பலகையைப் பொம்மைக் கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

பரீஹா மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்தாள். அக்கா வாங்கிக் குடித்தாள்.

அதன் பிறகு பன்னிரண்டு நாள். ஏழு மணிக்கு நான் இறங்கும்போது அக்கா எனக்கு முன்னால் வந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். வேலியைச் சுற்றி இன்னொரு வேலி போட்டோம். ஆடு வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. கன்றுகள் இந்தத் தடவை நாளுக்கு நாள் உயர்ந்தன. நானும் உயரத்தைக் குறித்தேன். அக்கா சொன்னதையும் பக்கத்தில் குறித்தேன்.

மே ஆறு, புதன்கிழமை, நாற்பதாம் நாள். புயல் ஐந்தரைக்கு என்று பரீஹா சொல்லியிருந்தாள். நான் நாலரைக்கு யூனிட்டை விட்டு இறங்கி, செம்பூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். காதில் ஹெட்போன். கண் முன்னால் தீவு.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்பின்னாக மரங்கள் ஒவ்வொன்றாக எழும்பின. ஒவ்வொன்றுக்கும் இலை உதறுகிற மாதிரி ஒரு சத்தம். "அஞ்சு," என்றாள் பரீஹா, அக்காவின் பக்கத்திலிருந்து. "ஆறு." மான்குர்த் பக்கம் போகிற வண்டி ஒன்று வந்து போயிற்று. ஐந்தேகாலுக்கு ஒன்பது நின்றன. பத்தாவது, கடைசியில் கூரை எடுத்தது, என் பொம்மையின் தோள் உயரத்தில் அசையாமல் நின்றது.

"என்னால," என்றாள் அக்கா. "அன்னைக்கு பலகையப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்லா. அதான் பிந்துது."

"பிந்தட்டும்க்கா. இன்னும் நேரம் கெடக்கு."

ஐந்து இருபது. தீவின் மேலே வானம் கறுத்தது. இருபத்திரண்டு. பெரிய பெரிய சொட்டாக மழை விழுந்தது. தீவின் கிழக்கு ஓரத்தில் மண் பொலபொலவென்று உதிர்ந்து கடலில் விழுந்ததைப் பார்த்தேன். "உம்மா, ஷுரு ஹோ கயா, ஆரம்பிச்சிருச்சு," என்று பரீஹா முனகினாள். அக்காவின் பொம்மை மழையில் நனைந்துகொண்டு வாளியோடு அந்தக் கன்றுக்குப் போய்த் தண்ணீர் ஊற்றியது.

"மழைதான பெய்யுது, எதுக்குக்கா ஊத்துதீங்க?"

"நான் ஊத்தணும்ட்டி. பேசாம இரு."

ஊற்றி முடித்து அவள் நிமிர்ந்தபோது அது எழுந்தது. இலை உதறுகிற சத்தம் மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கக்கூட இல்லை. கிளை விரிந்தது. உதிர்ந்துகொண்டிருந்த மண் நின்றது.

"ஹோ கயா! ஹோ கயா!" என்று பரீஹா கத்த, நானும் "ஆயிருச்சு!" என்று கத்தியதில் என் பக்கத்தில் வடா பாவ் தின்றுகொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது, அதைப் பொத்த முடியவில்லை.

மழை ஓய்ந்து வெயில் வந்தது. பத்து மரங்களுக்கு நடுவே அக்காவின் பொம்மையைக் காணோம்.

"அக்கா, எங்க நிக்கீங்க?"

"இங்ஙனதான். நெழல் எது வரைக்கும் விழுதுன்னு பாக்கேன்."

தேடிப் போனேன். தோப்பின் நடுவில், இரண்டு மரங்களுக்கு இடையில் நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு எடம் கெடக்கு," என்றாள். "அவிய மட்டும் இருந்தா, இந்நேரம் இதுல இருந்து அதுக்கு ஒரு கயித்தக் கெட்டியிருப்பாவ. துணி காயப் போட."

"கயிறு இருக்காக்கா இந்த வெளையாட்டுல?"

"பரீஹாட்ட கேட்டுட்டேன். வடக்குக் கரையில நார்ச்செடி இருக்காம், அதுல திரிக்கணுமாம். மூணு நாள் வேல." அடுத்த வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழைகிற சத்தம் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். "வண்டி வந்துட்டா? ஏறு, ஏறு. ஏறிக்கிட்டே கேளு. நாளைக்கு வந்ததும் முதல்ல ரெண்டு மரத்துக்கும் நடுவுல எத்தனை அடின்னு அளந்துரு. நோட்டுல எழுதிக்க."